மணி கட்டிய கோபுரம்

வெலிகான் தொலைபேசி நிறுவனத்தின் கோபுரங்கள் தங்கள் புது முதலாளியைத் தேடி லீபொவா என்ற மலைக்கிராமத்துக்கு நடந்து வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை லேசான உறைபனி இருந்தது. உருளைக்கிழங்கு விலை கொஞ்சம் ஏறியிருந்தது. முதலில் வந்தது பிளெவென் நகரத்துக் கோபுரம், அதன் கழுத்தில் ஒரு ஆட்டுமணி. அதன் பின்னால் நெடுஞ்சாலைக் கோபுரங்கள், மலையுச்சிக் கோபுரங்கள், தலைநகர் சோபியாவின் மாடி வீட்டுக் கூரைகளில் நின்ற குட்டையான கோபுரங்கள் என்று பத்து மணிக்குள் மேய்ச்சல் மேடு நிறைந்துவிட்டது. பிறகு வந்தவை முட்டைக்கோஸ் தோட்டங்களில் வரப்பு பார்த்து நின்றன. ஊர்க்காரன் ஸ்தாய்கோவின் வேலி மட்டும் சாய்ந்தது. அது ஏற்கெனவே சாயவிருந்த வேலி என்பதை ஸ்தாய்கோவைத் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

புது முதலாளியின் பெயர் ஹராலம்பி. ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்து, ராணுவத்தில் தந்திக் கம்பி இழுக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். லீபொவாவுக்கு ஒரு கோபுரம் வையுங்கள் என்று ஊரே வெலிகானிடம் வருடக்கணக்கில் கேட்டுப் பார்த்தது. மலையில் நாற்பது வீட்டுக்குக் கோபுரம் வைத்தால் கட்டுப்படியாகாது என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வந்தது. கடைசியில் ஹராலம்பியே மரத்தில் ஒரு கோபுரம் கட்டி, சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் கம்பியும் இழுத்து, தன் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் முன்னூறு பேர் இருப்பார்கள். யாருக்காவது இணைப்பு போனால் அவரே ஏணியோடு வருவார். புகார் கேட்கும் பிரிவு அவருடைய சமையலறை. அங்கே அவர் மனைவி நெதெல்யா பீன்ஸ் சூப்பைக் கிளறியபடி அழைப்பை எடுப்பாள். "உங்க அம்மா வீட்ல இல்ல, முடி வெட்டப் போயிருக்காங்க, நாலு மணிக்கு மேல கூப்பிடுங்க" என்கிற அளவுக்கு அவள் சேவை இருந்தது. இப்படிப்பட்ட சேவை சோபியாவில்கூட இல்லை.

இவ்வளவு சிறிய நிறுவனம் நாட்டிலேயே பெரியதை எப்படி வாங்கியது என்று பிற்பாடு பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நடந்தது சாதாரணம். வெலிகானின் முதலாளி வடக்கே வேறொரு நாட்டைச் சேர்ந்தவர். வருடம் முடிவதற்குள் விற்றுவிட்டு ஊர் திரும்பும் அவசரத்தில் இருந்தார். ஹராலம்பி பழைய கோபுரம் ஒன்று விலைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கத்தான் போனார். தனியாகக் கொடுப்பதில்லை, மொத்தமாகத்தான் என்றார்கள். மொத்தமாக என்ன விலை என்று சந்தைப் பழக்கத்தில் கேட்டுவைத்தார். முதலாளி ஒரு தொகையைச் சொன்னார். அது ஹராலம்பிக்கு நியாயமாகப் பட்டது. நம் பக்கத்து வழக்கப்படி சம்மதத்துக்கு அடையாளமாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். முதலாளியின் நாட்டில் அப்படி ஆட்டினால் மறுப்பு. முதலாளி விலையைக் குறைத்தார். ஹராலம்பி இன்னும் பலமாக ஆட்டினார். முதலாளிக்கு வியர்த்தது. மதிய உணவுக்கு முன் பேரம் முடிந்தபோது, டிராக்டருக்குக் கடன் மறுத்த அதே வங்கி இதற்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு விலை இறங்கியிருந்தது.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது புனித திமிதார் நாளில். இலையுதிர்காலத்தின் அந்த நாளில்தான் நம் மலையில் மேய்ப்பர்களின் கூலி ஒப்பந்தம் முடியும், மந்தைகள் கைமாறும். புகைப்படத்துக்காக ஹராலம்பியை பிளெவெனுக்கு அழைத்துப் போய், அங்கிருந்த மிகப் பெரிய கோபுரத்தின் அருகில் நிற்கவைத்தார்கள். அவருக்குக் கை சும்மா இருக்காது. மந்தை வாங்கினால் முன்னோடி ஆட்டுக்கு மணி கட்டுவது குடும்ப வழக்கம். கோட்டுப் பையில் ஒரு மணியும் இருந்தது. கட்டிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிரவே அந்தக் கோபுரம் தன் கான்கிரீட்டிலிருந்து காலை உருவிக்கொண்டு மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. மணிச் சத்தம் கேட்ட கோபுரங்கள் எல்லாம் பின்தொடர்ந்தன.

நாட்டில் பாதிப் பேருக்கு செல்போன் செத்துப்போனது. சின்னக் கம்பெனி பெரிய கம்பெனியை வாங்குகிறது என்ற செய்தி வந்த நாளிலிருந்தே வெலிகானின் வாடிக்கையாளர்களுக்குக் கவலைகள் இருந்தன. எண் மாறுமா, கட்டணம் ஏறுமா, இலவச நிமிடங்கள் தொடருமா, ஆடு மேய்க்கிற குடும்பத்துக்கு இதெல்லாம் தெரியுமா. இப்போது அவற்றோடு கோபுரம் எங்கே என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. மற்ற நிறுவனங்களின் தொலைபேசியை இரவல் வாங்கி அவர்கள் லீபொவாவை அழைத்தார்கள். நெதெல்யா சூப்பை இறக்கிவைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள்.

"எங்க தெருமுனையில நின்ன கோபுரம் எங்கம்மா போச்சு?"

"இங்கதான் இருக்கு, வந்து சேர்ந்துடுச்சு. கவலைப்படாதீங்க."

"நல்லாயிருக்கா?"

"நடந்து வந்ததுல கொஞ்சம் இளைச்சிருக்கு. தேறிடும்."

இப்படி விசாரித்தவர்கள் சிலர் மறுநாளும் விசாரித்தார்கள். புகார் சொல்ல அழைத்தவர்கள் நலம் கேட்க ஆரம்பித்தது அப்படித்தான். ஆனால் அவர்கள் சிறுபான்மை. மற்றவர்கள் திட்டினார்கள்.

லீபொவாவில் நிலைமை வேறு. இங்கே சிக்னல் காலைப் பனிபோலத் தரையோடு படிந்து கிடந்தது. எண்ணை அழுத்த வேண்டியதில்லை. ஒருவரை நினைத்தாலே அவர் வீட்டில் மணி அடித்தது. சூப் கரண்டியை வாய்க்கு அருகில் கொண்டுபோனால் வார்னா நகரத்தில் யாரோ ஹலோ சொன்னார்கள். பாதிரியார் பிரசங்கத்தின் நடுவில் ஒரு பிட்சா ஆர்டரை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. விஷயம் பரவியதும் சுற்றியுள்ள நகரங்களிலிருந்து பேருந்து பிடித்து ஜனங்கள் பேசுவதற்காகவே இங்கே வந்தார்கள். சதுக்கத்தில் நின்று பேசினார்கள், கிணற்றடியில் பேசினார்கள், மருமகளோடு பிணக்கு, தக்காளி ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு, கார் விற்பனை, கல்யாணம். லீபொவாக்காரர்களும் வாய் மூடுகிற ஜாதி இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் இரைந்துகொண்டே இருந்தது. கோபுரங்களின் இரும்பு பருத்தது. துருவெல்லாம் உதிர்ந்து அவை பளபளவென்று ஆயின.

பிப்ரவரியில் தகவல் தொடர்பு ஆணையத்திலிருந்து கின்செவ் என்ற அதிகாரி வந்தார். கறுப்புக் கோட்டு, மரியாதையான மனிதர். மேய்ச்சல் மேட்டைச் சுற்றிப் பார்த்தார். ஆட்சேபம் ஒன்றும் சொல்லவில்லை. கோபுரங்கள் நடக்கக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றார். ஆனால் உரிமத்தில் எந்த இடம் எழுதியிருக்கிறதோ அந்த இடத்தில் கோபுரம் நின்றாக வேண்டும். மே மாதம் புனித கியோர்கி நாளுக்குள் அவை திரும்பிப் போகாவிட்டால் வெலிகான் உரிமம் ரத்து.

"அதோட நிக்காது, ஹராலம்பி அண்ணே. இப்ப ரெண்டும் ஒரே கம்பெனி. உங்க பழைய உரிமமும் சேர்ந்து போயிடும்" என்றார் வருத்தத்தோடு.

அதாவது லீபொவாவின் மரக் கோபுரமும் கம்பிகளும் ஊமையாகிவிடும். வேறு யாரும் இந்த மலைக்கு ஏறி வரப்போவதில்லை. ஹராலம்பி அன்று சாப்பிடவில்லை. பெரிசை வாங்கப் போய்ச் சிறிசையும் இழந்தவர் என்று தன்னைப் பேசுவார்கள் என்பதைவிட, பேசுவதற்கே ஊரில் வழி இருக்காது என்பது அவரை உறுத்தியது.

செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். மணியைக் கழற்றினார், பிளெவென் கோபுரம் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டது, மற்றவையும் உட்கார்ந்தன. திரும்பக் கட்டியதும் எழுந்தன. நாய்களை விட்டு விரட்டினார். நாய்கள் கோபுர நிழலில் படுத்துத் தூங்கின. சோபியாவிலிருந்து பொறியாளர்கள் வந்து, கழற்றி லாரியில் ஏற்றிவிடலாம் என்று ஸ்பானரை வெளியே எடுத்தார்கள். மேட்டிலிருந்த கோபுரங்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி அவர்களைப் பார்த்தன. பொறியாளர்கள் மதிய பேருந்திலேயே திரும்பிப் போனார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் பிளெவெனிலிருந்து தஃபினா வந்தாள். பல் டாக்டர். நோயாளிகள் வாயைத் திறந்தபடி இருக்க, தான் மட்டுமே பேசிப் பேசி அதட்டல் குரல் வாய்த்தவள். ஒன்பது மாடிக் குடியிருப்பின் சார்பாக வந்திருந்தாள். நேராகச் சமையலறைக்குள் நுழைந்து கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டது வெலிகானோட. ஆட்டுக்காரரோட இல்ல."

"உக்காருங்க டாக்டரம்மா. சாப்பிட்டீங்களா?"

"நான் சாப்பிட வரல. எனக்குப் பதில் வேணும். என் நோயாளிங்க யாரும் என்னைக் கூப்பிட முடியல. பல் வலின்னா நேரா வந்து கதவைத் தட்டறாங்க. ஒருத்தர் ஞாயித்துக்கிழமை காலைல ஜன்னல் வழியா வாயத் திறந்து காட்டினார்!"

நெதெல்யா சீஸ் வைத்த அப்பத்தை அவள் முன்னால் தள்ளினாள். தஃபினா கோபத்தோடு இரண்டு துண்டு சாப்பிட்டாள். மூன்றாவது துண்டில் குரல் இறங்கியது. ஜன்னல் வழியே தன் கோபுரத்தைப் பார்த்து, "அங்க இருந்தப்ப இவ்வளவு தெளிவா இல்ல" என்றாள்.

"இங்க தீனி நல்லாயிருக்கு."

"என்ன தீனி போடறீங்க?"

நெதெல்யா பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். வெளியே சதுக்கத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு வாசலுக்குப் போய், "ஏ மனுஷா!" என்று ஹராலம்பியைக் கூப்பிட்டாள். "ஆட்டை எதுக்குடா விரட்டறே? ஆடு எங்க போகும்? உப்பு இருக்கிற இடத்துக்குப் போகும். இதுங்களுக்கு உப்பு எது? பேச்சு! அம்புட்டு உப்பையும் நாமளே இங்க கொட்டி வெச்சுட்டு, போ போன்னா எப்படிப் போகும்?"

திட்டம் அன்று மாலையே ஊர்க் கூட்டத்தில் முடிவானது. லீபொவாவில் யாரும் பேசக்கூடாது. வெளியூர்க்காரர்களைப் பேருந்து நிறுத்தத்திலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அதே சமயம் நகரங்களில் வெலிகான் வாடிக்கையாளர்கள் செத்த செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். பிளெவெனுக்கு தஃபினா பொறுப்பு. மற்ற நகரங்களுக்கு நெதெல்யா சொல்லி அனுப்புவாள். ஸ்தாய்கோ எழுந்து நின்றான். வேலி விஷயத்தில் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"உம் பொண்டாட்டி பேசாம இருந்தா, நான் என் கழுதையையும் பேசாம வெச்சுக்கறேன், ஹராலம்பி அண்ணே."

"நான் இருப்பேன்" என்றாள் நெதெல்யா. "நீதான் முடியாது. தூக்கத்துல கூட விலை பேசறவன் நீ."

"எவ்வளவு நாளு?"

"கோபுரம் போற வரைக்கும்."

"அதுக்குள்ள செத்துட்டா?"

"சத்தம் போடாம சாவு."

மறுநாள் சூரியன் உதித்ததிலிருந்து லீபொவா வாய் மூடியது. ஆட்டுமணிகளுக்குள் புல்லை அடைத்தார்கள். சேவல்களைக் கூடையால் மூடினார்கள். கடைக்காரர் விரலைக் காட்டினார், வாங்குபவர் விரலைக் காட்டினார், பேரம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. பாதிரியார் ஒரு கல்யாணத்தை உதட்டசைவிலேயே நடத்தினார். மணமகள் தலையை இடமும் வலமுமாக அழகாக ஆட்டினாள். கிணற்றுப் பங்கு விஷயமாகப் பல வருடமாகப் பேச்சில்லாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர், இப்போது எல்லோருமே பேசாதிருந்ததால், தாங்கள் சண்டையில் இருப்பதை மறந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார்கள்.

பிளெவெனில் தஃபினா ஒன்பது மாடியையும் பால்கனிக்கு வரவழைத்தாள். முதலில் எல்லோருக்கும் வெட்கம். உயிரில்லாத செல்போனில் என்ன பேசுவது? தஃபினாவே ஆரம்பித்தாள், கடைவாய்ப் பல் பற்றிக் கால் மணி நேரம் பேசினாள். மூன்றாம் மாடிக்காரி சமையல் குறிப்பைத் தொடங்க, ஐந்தாம் மாடிக்காரி அதைத் திருத்தினாள். எட்டாம் மாடியில் ஒருவர் ஜெர்மனியில் இருக்கும் தம்பியிடம், மறுமுனையில் யாரும் இல்லை என்ற தைரியத்தில், வீட்டை விற்றதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு ரூஸேயில், பர்காஸில், சோபியாவில் எல்லாம் ஜனங்கள் பால்கனிக்கு வந்தார்கள். அந்த வசந்தத்தில் வீதியில் நடந்து போனவர்கள் தலைக்கு மேல் ஒரு மெல்லிய இரைச்சலோடு நடந்தார்கள்.

மேய்ச்சல் மேட்டில் கோபுரங்கள் தலை தூக்கின. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தன. முதலில் கிளம்பியவை சோபியாக் கோபுரங்கள். தலைநகரத்துக்காரர்கள்தான் அதிகம் பேசுகிறவர்கள். பிறகு கடலோரத்தவை. ஏப்ரல் முடிவதற்குள் தோட்டங்கள் காலியாகி, முட்டைக்கோஸ் நடலாம் என்ற நிலை வந்தது. பிளெவென் கோபுரம் மட்டும் போகவில்லை. ஹராலம்பியின் கொட்டகைக்குப் பின்னால், கூரைமேல் சற்றே சாய்ந்தபடி நின்றது. பால்கனிக்காரர்கள் தொண்டை கட்டும்வரை கத்தியும் பயனில்லை. ஒன்று குறைந்தாலும் உரிமம் போகும் என்று கின்செவ் எழுதியிருந்தார்.

காரணத்தை நெதெல்யா ஒரு மாலை வேளையில் கண்டுபிடித்தாள். ஹராலம்பி கொட்டகைக்குப் பின்னால் கோபுரத்தின் காலைக் கட்டிக்கொண்டு கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். ஊருக்கே மௌனம் போட்டவர், தினமும் பால் கறந்துவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வந்து, பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ போயிட்டா நான் பழையபடி ஏணி தூக்கறவன்தான். எனக்கு அது பரவாயில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், நான் பேசினா நடுவுல குறுக்கிடாம கேட்டது இந்த உலகத்துல நீ ஒருத்தன்தான்…"

நெதெல்யா நின்று முழுவதையும் கேட்டாள். அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. சொன்னால் கோபுரம் இன்னும் வேரூன்றும். முகம் சிவந்தது. கையிலிருந்த மரக் கரண்டியை ஓங்கினாள், இறக்கினாள். பிறகு ஏப்ரனில் இருந்த அப்பத்தை எடுத்து அவர் வாயில் முழுதாக அடைத்தாள். அவர் மென்று முடிப்பதற்குள் மணியின் வாரை அவளே அவிழ்த்தாள். கோபுரம் கொஞ்ச நேரம் காத்திருந்தது. இந்த முறை மணியும் இல்லை, பேச்சும் வரவில்லை. மெதுவாகக் காலைத் தூக்கிக் கொட்டகையைத் தாண்டி, ஸ்தாய்கோவின் புது வேலியைச் சாய்த்துவிட்டு, பள்ளத்தாக்கு நோக்கி நடந்தது. ஸ்தாய்கோ வாய் திறக்கவில்லை. அதற்காக அவனை இன்றும் ஊரில் மதிக்கிறார்கள்.

அதன் பிறகு மாலைகளில் நெதெல்யா பால் வாளியோடு ஹராலம்பியின் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அவர் பேசினார். அவள் பாதி நேரம் குறுக்கிடவில்லை.

புனித கியோர்கி நாளில் கின்செவ் வந்தார். நாடு முழுக்கக் கோபுரங்கள் தத்தம் இடத்தில் நிற்பதை உறுதி செய்தாகிவிட்டது. லீபொவாவின் மரக் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. பார்த்தார். அதன் காலடியில் இடுப்பு உயரத்தில் இன்னொரு கோபுரம், ஈரம் காயாமல், நேராக நிற்கத் தெரியாமல் ஆடிக்கொண்டு நின்றது. அடிப்பாகம் மரம், மேலே இரும்பு, உச்சியில் இரண்டு பிளாஸ்டிக் பைன் இலைகள். வார்னா பக்கம் மரம்போல வேடமிட்ட கோபுரங்கள் உண்டு. மரக் கோபுரத்தின் ஜோடி அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

"கூடுதலா ஒண்ணு இருக்கே, ஹராலம்பி அண்ணே."

"திமிதார் நாளில மந்தை வாங்கினா, வயித்துல இருக்கிற குட்டி வாங்கினவனுக்கு. இது ஊர் வழக்கம், தம்பி. உங்க சட்டத்துல எப்படியோ?"

கின்செவ் நெடுநேரம் யோசித்தார். பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டி, இயற்கை வளர்ச்சி என்று குறித்துக்கொண்டார். இரண்டு உரிமங்களும் நிலைத்தன. அந்த நாளுக்குரிய ஆட்டுக்குட்டி வறுவலை எல்லோரும் கொட்டகையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புதுக் குட்டியின் கண்ணில் படவேண்டாம் என்று நெதெல்யா சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. கட்டணம் ஏறவில்லை, எண்கள் மாறவில்லை. வசந்தத்தில் சில நாட்கள் சிக்னல் தடுமாறும். வாடிக்கையாளர்கள் அழைத்தால், ஈற்றுக் காலம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நெதெல்யா சொல்வாள், அவர்களும் எத்தனை என்று கேட்டு வாழ்த்துவார்கள். தஃபினா ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கோபுரத்துக்கு எதிரே பால்கனியில் நின்று கொஞ்சம் பேசிவிட்டுத்தான் காபி குடிக்கிறாள். லீபொவாவின் குட்டிக் கோபுரத்தின் சிக்னல் முதல் கோடையில் கோழிக்கூடு வரைதான் எட்டியது. மறுவருடம் தேவாலயம் வரை. மூன்றாம் வருடம் ஏப்ரலில் ஒரு நாள் குட்டியே காணாமல் போனது. ஹராலம்பி ஏணியை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பும்போது சமையலறையில் மணி அடித்தது. அழைப்பு மலைக்கு அப்பால் செர்னாக் என்ற சிற்றூரிலிருந்து. இதுவரை எந்த நிறுவனமும் அங்கே ஒரு முழக் கம்பிகூட இழுத்ததில்லை. பேசிய பெண்ணுக்குத் தொலைபேசி புதிது, கத்தினாள்.

"கிணத்தடியில ஒண்ணு வந்து நிக்குது. உங்களுதா?"

"எங்களுதுதான்" என்றாள் நெதெல்யா. "வந்த இடத்திலயே நிக்கட்டும், விரட்டாதீங்க. பக்கத்துல நின்னு ஏதாவது பேசிட்டே இருங்க, அது போதும்."

"என்னத்தப் பேசறது?"

"இன்னைக்கு என்ன சமையல்னு ஆரம்பிங்க."

செர்னாக்கில் அன்று காஞ்சொறி இலை சூப். கொஞ்சம் உப்பு தூக்கல்.